மைனிங்கன் அக்கா

எங்கள் வீட்டில் பால் பொங்கி வழிந்தால்கூட அக்காவுக்கு ஜெர்மனி ஞாபகம் வந்துவிடும். "இப்படித்தான் மைனிங்கன்ல ஒரு தடவ" என்று ஆரம்பிப்பார். கதை கேட்கிற சாக்கில் அடுப்பைத் துடைக்கிற வேலை என் தலையில் விழும்.

அக்கா என்றால் கூடப்பிறந்தவர் இல்லை. என் கணவரின் அண்ணன் மனைவி, எனக்கு ஓரகத்தி. சுருளிப்பட்டிப் பக்கம் எங்கள் மாமனாருக்குப் பன்னீர் திராட்சைத் தோட்டம். அந்த வீட்டுக்கு அவர் மூத்த மருமகளாக வந்தார், நான் இளையவளாக வந்தேன். ஓரகத்திகள் இரண்டு பேர் ஒரே அடுப்படியில் நின்றால் என்ன நடக்கும் என்று தெருவே காத்துக்கொண்டிருந்தது. பாவம், அவர்களுக்கு அந்தக் கொடுப்பினை கிடைக்கவில்லை.

சாக்ஸ்-மைனிங்கன் என்பதுதான் அந்த ஊரின் முழுப்பெயர். ஜெர்மனி ஒரே நாடாக ஆவதற்கு முன்னால் அங்கே துண்டு துண்டாகக் கிடந்த சமஸ்தானங்களில் அதுவும் ஒன்று. நம் தேனி மாவட்டத்தைவிடச் சின்னது. ராஜாவுக்குப் பதிலாக டியூக் என்று ஒருவர், அவருக்கு ஒரு அரண்மனை, கொஞ்சம் பட்டாளம், சண்டை போட நிறையப் பங்காளிகள். அப்பன் செத்ததும் பிள்ளைகள் நாட்டைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகள் மறுபடியும் பங்கு போடுவார்கள். அக்கா சொல்லிச் சொல்லி, எங்கள் தெருவில் டெல்லி எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாதவர்களுக்குக்கூட மைனிங்கன் தெரியும். என் மாமியார் மட்டும் கடைசிவரை "அந்த மைனா ஊரு" என்றுதான் சொன்னார்.

அந்த ஊர் அக்காவுக்குக் கிடைத்த விதமே ஒரு கூத்து. மதுரையில் எம்.பில். படிக்கும்போது ஆளாளுக்குக் கோயில், ஜமீன் என்று தலைப்பு எடுத்துக்கொண்டார்கள். கம்பம்காரிதானே, பெரியாற்றுத் தண்ணீரைப் பற்றி எழுது என்று இவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். அக்கா மாட்டேன் என்றுவிட்டார். ஊரில் ஒவ்வொரு பெரியவருக்கும் பெரியாற்றுத் தண்ணீர் வரலாறு அத்துப்படி, ஒரு வரி தப்பாக எழுதினால் வீடு தேடி வந்து சண்டை போடுவார்கள் என்பது அவர் கணக்கு. கல்லூரி நூலகத்தின் மூலையில் யாரும் தொடாத தடிமனான ஆங்கிலப் புத்தகம் ஒன்று இருந்தது. மைனிங்கன் டியூக் குடும்பத்தின் வரலாறு. அதைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டார். "அதப் பத்திக் கேள்வி கேக்க மதுர சுத்துவட்டாரத்துலயே ஆளு கெடையாது தாயி" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

ஆனாலும் வாய்மொழித் தேர்வில் வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் ஒருவர் வம்படியாக ஒரு கேள்வி கேட்டுவிட்டாராம். குளிர்காலத்தில் அந்த டியூக்கின் பட்டாளத்துக்கு என்ன சாப்பாடு போட்டார்கள் என்று. அக்காவுக்கு ஒரு மண்ணும் தெரியாது. உப்பில் ஊறப்போட்ட முட்டைக்கோஸ் என்று கண்ணை மூடிக்கொண்டு அடித்துவிட்டிருக்கிறார். பேராசிரியர் தலையை ஆட்டி அதை எழுதி வேறு வைத்துக்கொண்டாராம். வெளியே வந்து பார்த்தால், திருகித் திருகிச் சேலை முந்தானையின் நுனி நூல் நூலாகப் பிரிந்து கிடந்தது என்றார் அக்கா.

அது உண்மைதானா என்று கேட்டேன்.

"இருக்கும். சந்தேகமா இருந்தா போய்ப் பாத்துட்டு வா."

இதுதான் அவர் வார்த்தை. யார் எதைக் கேட்டாலும் கடைசியில் இதைச் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார். கம்பத்திலிருந்து கேரளா எஸ்டேட்டுக்குப் போகிற ஜீப்பில் ஏறினாலே வாந்தி எடுக்கிற ஜனம் நாங்கள். ஜெர்மனிக்கு எங்கே போவது?

படிப்பு முடிந்த கையோடு கல்யாணம். மருமகளை வேலைக்கு அனுப்ப மாட்டோம் என்று முன்னமே பேசி முடித்திருந்தார்கள். தோட்டத்தில் கிளை கழிக்கிற கவாத்து முடிந்தால் கொடியைக் கம்பியில் இழுத்துக் கட்ட ஆள் வேண்டுமே. எம்.பில். படித்த கை சணல் கயிறு முடிச்சுப் போட்டது. எனக்கு அதை நினைத்தால் இன்றைக்கும் ஆத்திரமாக வருகிறது. அக்காவுக்கு ஆத்திரம் இருந்ததா என்று தெரியவில்லை. இருந்திருந்தாலும் அதை ஏதாவது ஒரு டியூக் தலையில் ஏற்றித்தான் சொல்லியிருப்பார்.

நான் கல்யாணமாகி வந்த வருஷம் அம்மன் கோயில் திருவிழா. முளைப்பாரி எடுக்கும்போது வீட்டு மருமகள்களில் யார் முன்னால் நடப்பது என்று பேச்சு வந்தது. அக்காதான் மூத்தவர். ஆனால் புது மருமகள்தான் முன்னால் போக வேண்டும் என்று என் மாமியார் சொல்லிவிட்டார். தெருப் பெண்கள் எல்லாம் வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். நானும் சும்மா சொல்லக் கூடாது, சண்டைக்குத் தயாராகத்தான் நின்றேன். அக்கா என் காதுப் பக்கம் வந்தார்.

"மைனிங்கன் அரமனையில ரெண்டு பொம்பளைக, யாரு முன்னால நடக்குறதுன்னு சண்ட போட்டாக. அது முத்திப்போயி பங்காளி நாட்டுக்காரன் பட்டாளத்தோட வந்து எறங்கிட்டான். நீயே முன்னால போ தாயி. நான் பட்டாளத்துக்கு எங்க போவேன்?"

தலையில் முளைப்பாரியோடு தெரு முழுக்கச் சிரிப்பை அடக்கிக்கொண்டு நடந்தேன். எனக்கு அருள் வந்துவிட்டது என்று நினைத்து யாரோ திருநீறு பூசிவிட்டார்கள்.

அதற்காக இடம் பொருள் பார்த்துத்தான் பேசுவார் என்று நினைத்துவிட வேண்டாம். தேவாரத்தில் என் மாமியாரின் அண்ணன் இறந்துபோனார். யார் வீட்டுக் கோடித்துணியை முதலில் போடுவது என்று இரண்டு சம்பந்தி வீட்டாருக்கும் தகராறு. காலையில் எடுக்க வேண்டிய பிணம், உச்சி வெயில் வந்தும் வாசலில் கிடந்தது. பெரிய மனிதர்கள் பேசிப் பேசித் தொண்டை கட்டியதுதான் மிச்சம். அக்கா பக்கத்தில் இருந்த பெண்ணிடம் சொல்கிற மாதிரி, தெருவுக்கே கேட்கிற குரலில் ஆரம்பித்தார். மைனிங்கனில் தம்பி பெண்டாட்டி செத்தபோது, அவள் சாதாரண வீட்டுப் பெண், ராஜ வம்சத்துக் கல்லறையில் இடம் கிடையாது என்று அண்ணன்காரன் மறுத்துவிட்டானாம். தம்பி விடவில்லை. பெட்டியை அரண்மனையிலேயே வைத்து மணலைக் கொட்டி மூடிவிட்டான். பிறகு அந்த அண்ணன் செத்தான். தம்பி அவன் பெட்டியையும் பக்கத்திலேயே வைத்து அதே மணலைக் கொட்டி மூடினான். "இங்கனயும் ஒரு டிராக்டர் மணலுக்குச் சொல்லிவச்சிட்டா நல்லது" என்று முடித்தார். பிறகு இரண்டு வீட்டுக் கோடியையும் சேர்த்துப் பிடித்துப் போட்டார்கள். பிணம் கிளம்பிவிட்டது.

இழவு வீட்டில் கதை சொல்கிறாள் பார் என்று என் மாமியார் ஊர் திரும்புகிற வரைக்கும் பஸ்ஸில் திட்டிக்கொண்டே வந்தார். ஆனால் பாதி வழி தாண்டியதும், முந்தின வாரம் அக்கா பாதியில் விட்டிருந்த வேறொரு கதையைக் கேட்டார். நாடகக்காரியைக் கட்டிக்கொண்டாரே ஒரு டியூக், அந்த நாடகக்காரி கடைசியில் என்ன ஆனாள் என்று. கடைசிவரைக்கும் நன்றாகத்தான் வாழ்ந்தாள் என்றார் அக்கா. மாமியாருக்கு அப்போதுதான் நிம்மதி. ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டார்.

என் கணவரும் அவர் அண்ணனும் முதன்முதலாகப் பாகப்பிரிவினைப் பேச்சை எடுத்தபோது மாமனார் உயிரோடு இருந்தார். எனக்கும் தனிக்குடித்தன ஆசை இருந்தது. ஏன், யாருக்குத்தான் இல்லை? எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பேச்சு வந்தது. அக்கா மோர் ஊற்றிக்கொண்டே, மைனிங்கனில் ஒரு கிழட்டு டியூக்கின் சொத்துக்குப் பங்காளிகள் நாக்கைத் தொங்கப்போட்டுக் காத்திருந்த கதையைச் சொன்னார். அவர்கள் வாயில் மண்ணைப் போட வேண்டும் என்பதற்காகவே, பெண்டாட்டியை இழந்த அந்தக் கிழவன் அறுபது வயதுக்கு மேல் மறுபடி கல்யாணம் பண்ணி, வரிசையாகப் பிள்ளை பெற்றுத் தள்ளினானாம். மாமனார் சிரித்த சிரிப்பில் மோர் மூக்கில் ஏறிவிட்டது. "அந்த மைனா ஊருல ஒரு இடி விழாதா" என்றார் மாமியார். மாமனார் போய்ச் சேருகிறவரைக்கும் பாகப்பிரிவினைப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

அவர் போன பிறகு தவிர்க்க முடியவில்லை. வீட்டைப் பிரித்தோம், வயலைப் பிரித்தோம், மாட்டைக்கூடப் பிரித்தோம். பெரிதாகச் சத்தம் எழவில்லை. திராட்சைத் தோட்டத்தில்தான் வந்தது வினை. தோட்டம் முழுக்கக் கல்லுக்கால் நட்டு, மேலே கம்பி இழுத்து, தலைக்கு மேல் ஒரே பந்தல். நிலத்தை அளந்து, நடுவரிசைக் கல்லில் சிவப்புப் பெயின்டால் கோடு போட்டார்கள். கீழே கோடு போட்டால் மேலே கொடி கேட்குமா? என் கணவரின் அண்ணன், அதாவது எனக்கு மூத்தார், அவர் பக்கம் வேர் விட்ட கொடி எங்கள் பக்கம் வந்து காய்த்தது. எங்கள் கொடி அவர் பக்கம் போய்க் குலை தள்ளியது. வேர் அவருடையது, அதற்கு இடம் கொடுத்த கம்பி எங்களுடையது, பழம் யாருடையது? என் கணவர் ஒரு குலையை அறுத்தார், அண்ணன் கேட்டார், இவர் ஏதோ சொன்னார். அதோடு அண்ணன் தம்பி பேச்சு நின்றது. கோட்டுக்கு நேராகப் பந்தலை வெட்டிவிடுவது என்று இரண்டு பேரும், ஒருவருக்கொருவர் பேசாமலேயே, ஆள் விட்டு முடிவு பண்ணினார்கள்.

இரண்டு பேருக்கும் அந்தத் தோட்டத்தை விட்டால் வேறு பிழைப்பு கிடையாது. பழம் பழுக்கிற பருவம் வேறு. வெட்டினாலும் நிற்கும், ஓரத்தில் கல்லைப் போட்டு இழுத்துக் கட்டிவிடலாம் என்று பந்தல் மேஸ்திரி தைரியம் சொல்லியிருந்தார். கம்பி வெட்டுகிற கத்தரியோடு விடிந்ததும் வந்துவிட்டார். அண்ணன் அந்தப் பக்கம், தம்பி இந்தப் பக்கம். கவிழ்த்துப் போட்ட பழப்பெட்டியின் மேல் மாமியார். அக்கா கோடு போட்ட கல்லில் சாய்ந்து நின்றார். கதை சொல்லும்போது எப்போதும் கண்ணில் ஒரு சிரிப்பு இருக்கும். அன்றைக்கு இல்லை. முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே பேசினார்.

"மைனிங்கன்லயும் அண்ணன் தம்பி ரெண்டு பேரு, ஒரே திராட்சப் பந்தல். நடுவால வெட்டிக்கிட்டாக. அண்ணன் கல்லு நிக்கணும்னா தம்பி நெலத்துல இழுத்துக் கட்டணும். தம்பி கல்லு நிக்கணும்னா அண்ணன் நெலத்துல கட்டணும். வெட்டுறப்ப ரெண்டு பேருக்கும் இது தோணல. வெட்டுனப்பறம் கேக்க வாய் வரல."

என் கணவர்தான் முதலில் வாயைத் திறந்தார். அப்புறம் என்ன ஆனது என்று கேட்டார்.

"பழத்துக் கனத்துல பந்தல் சரிஞ்சு உக்காந்துருச்சு கொழுந்தனாரே. ரெண்டு பக்கமும். ஆத்தாக்காரி அடியில போயி நின்னு, ரெண்டு கையாலயும் கம்பியத் தாங்கிப் பாத்தாகளாம்."

மாமியார் பெட்டியிலிருந்து எழுந்துவிட்டார். விழுந்துவிட்டதா என்று கேட்டார். விழுந்துவிட்டது அத்தை என்றார் அக்கா. மாமியார் அண்ணாந்து பந்தலைப் பார்த்துவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

நிஜமாகவா என்று என் கணவர் இழுத்தார். பன்னீர் திராட்சைக்கு வெளிநாட்டில் மஸ்கட் ஹாம்பர்க் என்று பெயர், விவசாய ஆபீசில் போய்க் கேளுங்கள் என்றார் அக்கா. ஹாம்பர்க் எங்கே இருக்கிறது? ஜெர்மனியில். நம் பழத்தின் பெயரிலேயே அந்த ஊர் இருக்கும்போது இதில் என்ன சந்தேகம் என்று ஒரு போடு போட்டார். மூத்தார் பெண்டாட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மேஸ்திரியின் கையிலிருந்து கத்தரியை வாங்கி அவர் வண்டியிலேயே வைத்துவிட்டு வந்தார்.

அன்றிலிருந்து பழத்தைச் சேர்த்தே வெட்டினோம். அவருக்கு ஒரு பெட்டி, எங்களுக்கு ஒரு பெட்டி என்று மாற்றி மாற்றி அடுக்கினோம். எந்தக் கொடி எவருடையது என்று யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை.

அக்கா போய்விட்டார். வயிற்றில் கட்டி. மதுரை ஆஸ்பத்திரியில் நான்தான் கூட இருந்தேன். வலி மறக்கட்டும் என்று, ஒரு மைனிங்கன் கதை சொல்லுங்கள் அக்கா என்று கேட்டேன். "அங்கன இப்ப ராசாவெல்லாம் யாரும் இல்ல தாயி. எல்லாரும் நம்மள மாதிரி ஆயிட்டாக" என்றார். அவரில்லாத அடுப்படியில் பால் பொங்கி வழிந்தால் நானே பேசாமல் துடைத்துக்கொள்கிறேன். அப்போதெல்லாம் அழுகை வருகிறது, மறைக்க என்ன இருக்கிறது.

போன மாசம் ஒரு மத்தியானம், என் கணவர் போனில் விவசாய வீடியோ பார்த்துக்கொண்டிருந்தவர் என்னைக் கூப்பிட்டார். ஜெர்மனியில் திராட்சை அறுவடை. மலைச்சரிவு முழுக்க வரிசை வரிசையாகச் செடிகள். நம் தக்காளிச் செடிக்குக் குச்சி நடுகிற மாதிரி செடிக்குச் செடி ஒரு கம்பு, அதிலேயே கட்டி நிற்கிறது. குனிந்து அறுக்கிறார்கள். பந்தலைக் காணோம். அடுத்த வீடியோ, அதற்கடுத்தது, எதிலும் பந்தல் இல்லை. பிறந்ததிலிருந்து திராட்சையோடு கிடக்கிற மனிதர், உலகத்தில் திராட்சை என்று ஒன்று இருந்தால் அது பந்தலில்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தார். நான் மட்டும் என்ன, அதைத்தான் நினைத்தேன். கம்பம் பள்ளத்தாக்கில் வேறு எப்படி நினைப்பார்கள்?

"மதினி நம்மள ஏமாத்திப்புட்டாகடீ" என்றார். கோபமா சிரிப்பா என்று அவருக்கே தெரியவில்லை.

நான் போனைப் பிடுங்கி மற்ற கதைகளைத் தேடினேன். பெண்கள் சண்டையில் பட்டாளம் வந்தது நிஜம். மணல் மூடிய பெட்டிகள் நிஜம். வீம்புக்குப் பிள்ளை பெற்ற கிழவன் நிஜம், அதோடு மணலைக் கொட்டியவனும் அவனேதான். நாடகக்காரி நிஜம். சுத்தப் புளுகு என்று நாங்கள் சிரித்ததெல்லாம் அப்படியே இருந்தது. நம்பிய ஒன்றைத்தான் காணவில்லை.

அண்ணனிடம் சொல்லாதீர்கள் என்றேன். நான் ஏன் சொல்லப் போகிறேன் என்றார்.

போன வாரம் மூத்தாரே தோட்டத்துக்கு ஒரு மேஸ்திரியைக் கூட்டிக்கொண்டு வந்தார். புது ஆள். தேனியில் இருக்கிற மூத்தாரின் மருமகன், அவர் பாதியில் விதையில்லாத ரகம் வைக்கட்டும், அதற்குப் பந்தலைத் தனியாகப் பிரித்துவிடலாம் என்று யோசனை சொல்லியிருக்கிறார். மூத்தார் சிவப்புக் கோடு போட்ட கல்லைத் தடவிக்கொண்டே, அவள் சொன்ன கதை ஞாபகம் இருக்கிறது, ஆனால் இப்போது கான்கிரீட் போட்டுத் தனித்தனியாக நிறுத்திவிடலாமாம் என்றார். அவர் குரலில் ஆசையும் இல்லை, பிடிவாதமும் இல்லை. வீட்டில் பேச ஆளில்லாதவரிடம் யார் எதைச் சொன்னாலும் சரிதானே.

என் கணவர் என்னைப் பார்த்தார். பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லக்கூட ஒழுங்காகப் பொய் சொல்லத் தெரியாத மனிதர் அவர். தொண்டையைச் செருமினார்.

"அண்ணே, மதினி உங்கிட்டப் பாதிதான் சொன்னாக. மிச்சத்த எங்கிட்டச் சொன்னாக. அந்தத் தம்பிக்காரன் பொறவு கான்கிரீட்டும் போட்டுப் பாத்தானாம். அதுவும்... அதுவும் நிக்கலையாம்."

டியூக் காலத்தில் ஏதய்யா கான்கிரீட்? மூத்தார் தம்பியை ஏற இறங்கப் பார்த்தார். நிஜமாகவா என்று என் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"சந்தேகமா இருந்தா போய்ப் பாத்துட்டு வாங்க மாமா" என்றேன்.

"எனக்கென்னத்தா சந்தேகம்" என்றார் மூத்தார். "அன்னைக்கு அவ இந்தக் கல்லுல சாஞ்சு நின்னு சொல்றப்ப, நான் கதையக் கேக்கல. அவ கையத்தான் பாத்துக்கிட்டு நின்னேன்."

நான் குனிந்து பார்த்தேன். என் முந்தானை நுனி விரலில் இறுக்கிச் சுற்றிக் கிடந்தது.

மூத்தார் மேஸ்திரியிடம் போய், வெட்டு வேலை இல்லை, டீ குடித்துவிட்டுப் போகலாம் என்றார்.